முதலில் தண்ணீரைப் பிடியுங்கள்: ஓதம் ஏறிய வீட்டில் பூஞ்சையை ஒழிக்க முழுமையான வழிகாட்டி

ஒரு கார்த்திகை மாதம், கல்யாணத்துக்குப் போகப் பட்டுப்புடவை எடுக்க அம்மா பீரோவைத் திறந்தார். மக்கிய வாடை அறைக்கே வந்தது. புடவை மடிப்பின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். பீரோவை நகர்த்திப் பார்த்தால், அது நின்ற அகலத்துக்கு மட்டும், அளவெடுத்து வரைந்தது போல, பின்சுவர் முழுக்கக் கருப்பாகப் பூசணம் பூத்திருந்தது. இரண்டு பக்கமும் சுவர் சுத்தமாக இருந்தது.

தேய்த்துக் கழுவி பெயின்ட் அடித்தோம். அடுத்த ஐப்பசியிலேயே திரும்ப வந்தது. இன்னும் விலை கூடிய, 'பூஞ்சை வராது' என்று டப்பாவில் எழுதிய பெயின்ட் அடித்தோம். அதுவும் ஒரு மழைக்குத்தான் தாங்கியது. மூன்றாவது வருடம் வந்த வயதான கொத்தனார் சுவரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "பெயின்ட் கடைக்குக் கடைசியா போலாம் சார், முதல்ல மொட்டை மாடிக்குப் போலாம்" என்றார். மாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில், நகக்கண் போகிற அளவுக்கு ஒரு விரிசல் நீளமாக ஓடியது. மழைநீர் அதற்குள் இறங்கிச் சுவருக்குள் ஊறியிருக்கிறது. மற்ற இடத்தில் காற்று பட்டு ஈரம் காய்ந்துவிட்டது. பீரோவுக்குப் பின்னால் காய வழியில்லை, அதனால் அங்கே மட்டும் பூத்தது.

இந்த வழிகாட்டி முழுக்க அவர் சொன்ன வரிசையில்தான் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது, அதை நிறுத்துவது, காயவிடுவது, சுத்தம் செய்வது, பூச்சும் பெயின்டும் பார்ப்பது. வரிசை மாறினால் செலவு வீண். சென்னையையும் கடலோர ஊர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னைக்கு வருடத்தில் கிடைக்கிற சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. இங்கே சுவர்கள் படுகிற பாடு எல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான்.

அது பூஞ்சைதானா?

சுவரில் தெரிகிற எல்லாமே பூஞ்சை இல்லை. வெள்ளையாகப் பஞ்சு போலப் பூத்திருந்தால் பலரும் பூஞ்சை என்று பயப்படுகிறார்கள், பல நேரம் அது உப்பு. செங்கல்லிலும் மணலிலும் நிலத்தடி நீரிலும் இருக்கிற உப்பு ஈரத்தில் கரைந்து சுவரின் மேல்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் அங்கே பூத்து நிற்கிறது. கொஞ்சம் சுரண்டி விரலுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். உப்பு நறநறவென்று பொடியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்து மறையும். பூஞ்சை நசுங்கி விரலில் கறையாக இழுபடும், தண்ணீரில் கரையாது, வாடையும் இருக்கும்.

உப்பாக இருந்தால் உடம்புக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் சுவருக்கு நல்லதும் இல்லை. உப்புப் பூத்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். இன்று உப்பு பூத்த சுவரில் நாளை பூஞ்சையும் வரலாம்.

பூஞ்சைக்கு வேண்டியது மூன்றுதான்: ஈரம், தின்னக் கொஞ்சம் ஏதாவது, நமக்குப் பிடித்த அதே வெப்பநிலை. தின்ன அதற்குச் சுவர்த் தூசி போதும், பெயின்டில் இருக்கிற பசை போதும், பருத்தித் துணி, காகிதம், பிளைவுட் எதுவும் போதும். அதன் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கின்றன. ஜன்னலை மூடினாலும் வரும். சாப்பாட்டையும் வெப்பத்தையும் வித்தையும் நம்மால் நிறுத்த முடியாது. நம் கையில் இருக்கிற ஒரே பிடி ஈரம்தான்.

எந்த வகைப் பூஞ்சை என்று பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டைப் பொறுத்தவரை தேவையில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் என்று எது வளர்ந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. அந்தப் பணத்தை மாடி விரிசலுக்குச் செலவழியுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2021ல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்று பேசப்பட்ட மியூகார்மைகோசிஸ் நோயும், சுவரில் கருப்பாகப் படர்வதும் ஒன்றல்ல. அந்த நோய் வேறு வகைப் பூஞ்சையால், முக்கியமாகக் கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு சிகிச்சையும் சேர்ந்தவர்களுக்கு வந்தது. சுவரில் கருப்பைப் பார்த்ததும் அந்தப் பெயரைச் சொல்லி வீட்டில் யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

அதற்காக அலட்சியமும் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பு அதிகமாகும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு வரும். கைக்குழந்தை, வயதானவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் நெடுநாள் இருந்ததால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022ல் மரண விசாரணையில் சொன்னார்கள். பூஞ்சை இருக்கிறது என்று அந்தக் குழந்தையின் தந்தை 2017லேயே முறையிட்டபோது அவருக்குக் கிடைத்த பதில், 'மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்' என்பது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே பிறகு அங்கே சட்டம் வந்தது. இந்தச் செய்தியைப் படித்த பிறகு எனக்கு 'பெயின்ட் அடித்தால் போதும்' என்று யாராவது சொன்னால் மனம் ஒப்புவதில்லை.

முதல் வேலை: தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது

இந்த வேலைக்கு அவசரப்படாமல் ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஈரம் சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

*கூரையிலும் சுவரின் மேல்பகுதியிலும்* இருந்தால் மொட்டை மாடியைப் பாருங்கள். மழை நின்ற மறுநாள் மாடியில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது? அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சாய்வு, தப்பிய இடம் அது. மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா, தட்டோடுகளின் இணைப்பில் கலவை பெயர்ந்து புல் முளைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் அடிமூலையில் விரிசல் இருக்கிறதா, டேங்க் நிற்கிற இடத்தில் எப்போதும் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் வெயில் காலத்தில் குழாய் வாயை அடைத்து, மாடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி ஒரு நாள், ஒன்றரை நாள் விட்டுக் கீழே கூரையைக் கவனியுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் அந்த எடையைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

*ஜன்னலைச் சுற்றியும் வெளிச்சுவரின் நடுவிலும்* இருந்தால் சன்ஷேடைச் சந்தேகப்படுங்கள். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் ஒரு காடி, அதாவது நீளமான பள்ளக் கோடு, போட்டிருக்க வேண்டும். மழைநீர் அந்தக் காடியில் அறுந்து கீழே சொட்டிவிடும். அது இல்லாத சன்ஷேடில் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஓடி ஜன்னல் தலையில் இறங்கும். இது சின்ன விஷயம்தான், ஆனால் நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு இந்தக் காடி இல்லை. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியையும் பாருங்கள்.

*தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை* ஈரம் ஏறி, அதற்கு மேல் ஒரு கோடு போட்டது போல நின்று, அந்தக் கோட்டில் உப்பும் பூத்திருந்தால், அது நிலத்திலிருந்து ஏறுகிற ஓதம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் தண்ணீரை மேலே இழுக்கிறது. இதைத் தடுக்கத்தான் பேஸ்மட்டம் மட்டத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு போடுகிறார்கள். பழைய வீடுகளில் அது இல்லாமல் இருக்கலாம், அல்லது உடைந்திருக்கலாம். ஆனால் அடுக்கு நன்றாக இருந்தும் ஓதம் ஏறுகிற வீடுகளும் உண்டு. வெளியே போய்த் தரை மட்டத்தைப் பாருங்கள். பூச்செடிக்காகச் சுவரை ஒட்டி மண் கொட்டியிருப்பார்கள். சிமென்ட் தளம் உயர்த்திப் போட்டிருப்பார்கள். சென்னையில் இன்னொன்று, பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிடுகிறது. வெளித்தரை அந்த அடுக்குக்கு அரையடியாவது கீழே இருக்க வேண்டும். அதைத் தாண்டி மண்ணோ தண்ணீரோ நின்றால் அடுக்கு இருந்தும் பயனில்லை.

*குளியலறைக்கு மறுபக்கச் சுவரில்*, மழை இல்லாத மாதத்திலும் ஈரமாகவே இருந்தால் குழாய் அல்லது டைல்ஸ். இதற்கு எளிய சோதனை இருக்கிறது. இரவு படுக்கும் முன் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, மோட்டார் போடாமல், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிற்கிற மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறப்பதற்கு முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் போகிற குழாய் எங்கோ கசிகிறது. இறங்கவில்லை என்றால் டைல்ஸ் இணைப்பையும் தரைத் துவாரத்தைச் சுற்றிய இடத்தையும் சோதியுங்கள். துவாரத்தைத் துணியால் அடைத்து, துணிக்குப் போடும் நீலம் கலந்த தண்ணீரைத் தரையில் ஓரங்குலம் நிறுத்தி, மறுபக்கச் சுவரிலோ கீழ்வீட்டுக் கூரையிலோ நீலம் தெரிகிறதா என்று ஒரு நாள் பாருங்கள்.

அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறைதான் காரணம் என்றால் வேலையைவிடப் பேச்சு கடினம். சண்டையாகப் போகாதீர்கள். "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் எங்க வீட்டுக்கு வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டுக் கூரையைக் காட்டுங்கள். கண்ணால் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டுப் பெயர் சொன்னால் அந்த வேலை ஆறு மாதம் தள்ளிப்போகும்.

*எங்கேயும் கசிவு இல்லை, ஆனாலும் ஈரம்* என்றால் அது காற்றிலிருந்து வருகிற ஈரம். குளிர்ந்த தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்க்கிறதே, அதே கதைதான். வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கிற நாளில், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கிற எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று பட்டால் நீர்த்துளி கட்டும். ஏசியை 20ல் வைத்துத் தூங்கினால், அந்த அறைக்கு மறுபக்கம் இருக்கிற ஏசி இல்லாத அறையின் சுவர் வியர்க்கிறது. அதை யாரும் ஏசியோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஹாலில் ஏன் பூஞ்சை என்று மாடியில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கசிவா, வியர்வையா என்று பிரிக்க ஒரு சோதனை. சமையலறை அலுமினிய ஃபாயிலை ஓரடிக்கு ஓரடி வெட்டி, ஈரம் தெரிகிற இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். ஃபாயிலின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளி நின்றால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. நான் ஒட்டியபோது மறுநாள் காலையிலேயே உள்பக்கம் பனி படர்ந்தது போல வெளுத்திருந்தது. விரலால் வழித்தால் தண்ணீர் முழங்கை வரை ஓடியது. அதைப் பார்த்த பிறகு, எந்த பெயின்ட் நல்லது என்ற கேள்வியே எனக்கு மறந்துபோனது.

இரண்டாவது: வழியை அடைப்பது

மாடி வேலைக்கு நல்ல காலம் மாசியிலிருந்து ஆடிக்குள். மழைக்கு ஒரு வாரம் முன்னால் அவசரமாகப் பூசினால் அது ஒட்டாது. விரிசலுக்கு மேலே சும்மா சிமென்ட் பால் ஊற்றிப் பயனில்லை. விரிசலை உளியால் ஆங்கில 'வி' எழுத்துப் போலத் திறந்து, தூசி தட்டி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் சாய்வாகக் கலவை போட்டு உருட்டிவிடச் சொல்லுங்கள். அங்கேதான் விரிசல் விழும். நீர் தேங்கும் இடத்தில் வாட்டம் திருத்தாமல் மேலே எந்த ரசாயனத்தைத் தடவினாலும் இரண்டு, மூன்று வருடத்தில் திரும்ப அதே இடத்தில் நிற்பீர்கள்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்த பழைய தளம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை அவசரப்பட்டு உடைக்காதீர்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து இடித்த சுண்ணாம்புத் தளங்கள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. பெரும்பாலும் ஓட்டு இணைப்புகளை மட்டும் திரும்பப் பூசினால் போதும்.

நிலத்தோதத்துக்கு முதல் மருந்து கடப்பாரைதான். சுவரை ஒட்டிய மண்ணை அரையடி இறக்குங்கள், செடித் தொட்டிகளை நகர்த்துங்கள், மழைநீர் சுவரைவிட்டு வெளியே ஓடுகிற மாதிரி சாய்வு கொடுங்கள். பல வீடுகளில் இதோடு பாதிக்கு மேல் குறைந்துவிடும். அப்புறமும் ஏறினால், சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு நீர் விலக்கும் ரசாயனம் ஏற்றுகிறார்கள். அது அனுபவம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

குளியலறை டைல்ஸ் இணைப்பைச் சுரண்டி, எபாக்ஸி கிரௌட் என்ற தண்ணீர் புகாத இணைப்புக் கலவையை நிரப்புவது ஒரு நாள் வேலை. அதைச் செய்து பார்த்துவிட்டு, அதற்கும் கேட்கவில்லை என்றால்தான் டைல்ஸை உடைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மூன்றாவது: காயவிடுவது

இங்கேதான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள். ஒழுகல் நின்ற மறுவாரமே பெயின்டர் வந்துவிடுகிறார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு மழைக்காலம் முழுக்கக் குடித்த தண்ணீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். உப்பி நிற்கிற பெயின்டையும் பட்டியையும் சுரண்டிவிட்டுச் சுவரைத் திறந்து போடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். பங்குனி, சித்திரை வெயில் அதைக் காய வைக்கும். காய்ந்துவிட்டதா என்று அறிய அதே ஃபாயில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

வெள்ளம் புகுந்த வீட்டுக்குக் கணக்கு வேறு. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற வீடுகளில் இதைப் பார்த்தோம். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. அதைத் தாண்டினால் பிடிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள், மின் ஊழியரைக் கூப்பிடுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்ன பிறகு மின்விசிறிகளை ஓடவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே பூஞ்சை பூத்துவிட்ட சுவரைப் பார்த்து டேபிள் ஃபேனைத் திருப்பாதீர்கள். வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும்.

நான்காவது: சுத்தம் செய்வது

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நாமே செய்யலாம். அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, ஏசி குழாய்களுக்குள் போயிருந்தாலோ, கழிவுநீர் கலந்த வெள்ளமாக இருந்தாலோ ஆள் வைத்துச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் அன்று வேறு அறையில் அல்ல, வேறு வீட்டிலேயே இருப்பது நல்லது.

என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, காற்றுப் புகாத கண்ணாடி மூன்றும் வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு போதாது, பூஞ்சை வித்துகள் துணி நெசவுக்குள் சுலபமாக நுழைகிற அளவுக்குப் பொடியானவை. அறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை அணையுங்கள். காய்ந்த துடைப்பத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்காதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், அப்புறம் சோப்புப் பொடி கரைத்த தண்ணீரில் ஸ்பாஞ்சை முக்கி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். அழுக்கான தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். முடிந்ததும் ஸ்பாஞ்சை உறையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பிளீச் தேவையா என்றால், டைல்ஸ், கண்ணாடி, பீங்கான் போன்ற வழவழப்பான பரப்பில் உதவும். லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி வீட்டு பிளீச் போதும், அதற்கு மேல் வேண்டாம். பூச்சுச் சுவரிலும் மரத்திலும் அவ்வளவு பயன் இல்லை. குளோரின் மேலேயே நின்றுவிடுகிறது, கூடப் போன தண்ணீர் உள்ளே இறங்கி இன்னும் ஈரமாக்குகிறது. பூஞ்சையைக் கொல்வது மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும். அதைத் துடைத்து அப்புறப்படுத்துவதுதான் வேலை.

இதை மட்டும் மறக்காதீர்கள்: பிளீச்சையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் சேர்க்கக் கூடாது. ஒன்றுக்குப் பிறகு ஒன்றாக ஊற்றினாலும் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அமோனியா கலந்த கிளீனரோடும் சேர்க்காதீர்கள்.

பொருட்கள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

எஃகு, கண்ணாடி, பிளாஸ்டிக் கழுவினால் போதும். கெட்டியான மரச்சாமான்களைத் துடைத்து நிழலில் காய வைக்கலாம். பிளைவுட், எம்டிஎஃப் பலகை ஊறி உப்பிவிட்டால் மீளாது. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, சோபா உள்ளே பூஞ்சை பிடித்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எறிந்துவிடுங்கள். வெயிலில் போட்டால் வாடை போகும், உள்ளே இருப்பது போகாது.

பட்டுப்புடவையை வீட்டுக்கு வெளியே எடுத்துப் போய், முகக்கவசத்தோடு, மெல்லிய தூரிகையால் மடிப்பு மடிப்பாகத் தட்டுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள், நேர் வெயில் சாயத்தை வெளுக்கும். அப்புறம் பட்டுக்குப் பழகிய டிரை கிளீனிங் கடைக்குக் கொடுங்கள். ஜரிகையில் ஈரத்துணி வைக்காதீர்கள். அம்மாவின் புடவையில் கறை முழுதாகப் போகவில்லை, முந்தியின் ஓரத்தில் லேசாக நிற்கிறது. அவர் அதையே கட்டிக்கொண்டு போகிறார்.

பீரோவில் அந்துருண்டை போட்டிருக்கிறோமே என்று பலர் சொல்வார்கள். அந்துருண்டை பூச்சிக்கு, பூஞ்சைக்கு இல்லை. வேப்பிலையும் அப்படித்தான், அதுவும் பச்சை இலையைப் போட்டால் ஈரத்தை நாமே கொண்டுபோய் வைப்பதாகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோ கால்சியம் குளோரைடு டப்பாக்களோ வையுங்கள். டப்பாவில் தண்ணீர் சேர்ந்ததும் கொட்டிவிட்டு மாற்றுங்கள்.

ஐந்தாவது: பூச்சும் பெயின்டும்

உப்பு ஏறிய பூச்சை மேலே மெழுகி மறைக்க முடியாது. ஓதக் கோட்டுக்கு ஓரடி மேலே வரை செங்கல் தெரிய உடைத்து எடுத்துவிட வேண்டும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. கசிவு நின்ற பிறகும் மழைநாளில் சுவர் ஈரமாவதற்குப் பல நேரம் இதுவே காரணம். புதிய பூச்சுக்கு நல்ல ஆற்று மணலோ சலித்த எம்-சாண்டோ பயன்படுத்துங்கள், உப்புத் தண்ணீர் வேண்டாம். பூசிய பிறகு குறைந்தது 28 நாள் விட்டுத்தான் பெயின்ட். பட்டி பார்ப்பதென்றால் வெள்ளை சிமென்ட் பட்டி நல்லது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஈரத்தை உறிஞ்சும்.

ஓதம் வரக்கூடிய சுவருக்கு பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பது, வியர்த்த உடம்புக்கு மழைக்கோட்டு போடுவது போல. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்டைக் கொப்புளமாக உப்ப வைக்கும். பழைய வீடு என்றால் நான் இன்றும் சுண்ணாம்பைத்தான் சொல்வேன். புதிதாகத் தண்ணீர் ஊற்றித் தாளித்த சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை வளராது, ஈரமும் அதன் வழியே மூச்சு விட்டு வெளியேறும். மாதங்கள் போகப்போகக் காற்றில் அந்தக் காரம் குறையும். அதனால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் வெள்ளையடிப்பது பொங்கலுக்கு முன்னால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வருகிறது பாருங்கள்!

எமல்ஷன்தான் வேண்டும் என்றால், சுவர் முழுதாகக் காய்ந்த பிறகு, பூஞ்சைக்கொல்லிக் கரைசலை டப்பாவில் சொன்னபடி அடித்து உலரவிட்டு, அதற்குமேல் அடியுங்கள்.

மழை மாதங்களில் அன்றாடம்

ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. ஆனால் ஏசி இல்லாத வீட்டில், நவம்பர் மாதச் சென்னையில் அது நடக்காது. வெளியிலேயே 80, 90 என்று நிற்கும். மனம் தளர வேண்டாம். காற்று அசைந்துகொண்டிருக்கிற வரை 80 சதவீதத்திலும் சுவர் ஓரளவு தப்பிக்கும். காற்று நிற்கிற இடம்தான் எதிரி.

அதனால் பீரோ, கட்டில், புத்தக அலமாரி எல்லாவற்றையும் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள், முக்கியமாக வெளிச்சுவரை ஒட்டியவற்றை. வெயில் எட்டிப்பார்க்கிற ஒரு மணி நேரம் கிடைத்தாலும் ஜன்னல், பீரோக் கதவு இரண்டையும் திறந்து போடுங்கள். ஒரு வாளித் துணியை அறைக்குள் கொடி கட்டி உலர்த்தினால் லிட்டர் கணக்கில் தண்ணீர் அந்த அறைக் காற்றில் கலக்கிறது. வேறு வழி இல்லையென்றால் ஒரே அறையில் ஜன்னல் திறந்து, மின்விசிறிக்குக் கீழே உலர்த்துங்கள், படுக்கையறையில் வேண்டாம். இட்லி வேகும்போதும் குளித்த பிறகு அரைமணி நேரமும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். ஏசி இருந்தால் 26, 27ல் வையுங்கள், மழைநாளில் 'டிரை' நிலையில் ஓட்டுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் குடிபோன அன்றே சுவர்களை, கூரை மூலைகளை, அலமாரிகளின் உட்புறத்தைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். ஈரம் தெரிந்ததும் எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. மழை முடிந்த மாதத்தில் வீடு பார்க்கப் போனால், புதிதாக ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துச் சுவரைவிடச் சில்லென்று இருந்தால், என்ன விஷயம் என்று நேராகவே கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது புரட்டாசி முதல் ஞாயிறு மாடி நாள். மழைநீர்க் குழாய் வாயில் சருகு எடுப்பது, மூலைக் கலவையை நகத்தால் தட்டிப் பார்ப்பது, தட்டோட்டு இணைப்பில் முளைத்த செடியை வேரோடு பிடுங்கி அந்த ஓட்டையை அடைப்பது. அரசங்கன்று ஒன்று வருடா வருடம் அதே இடத்தில் வருகிறது, சுண்டுவிரல் நீளம் இருக்கும்போதே எடுத்துவிடுகிறோம். கீழே வந்ததும் பீரோவை ஒருமுறை நகர்த்திப் பின்சுவரைத் தொட்டுப் பார்ப்பது அம்மாவின் வேலை.